பாதிக் கிணற்று வீடு

செருப்ப வெளியில விட்டுட்டு வா. அங்க இல்ல தாயி, இந்தப் பக்கம். அங்க விட்டா அடுத்த வீட்டு வாசல்ல கெடக்குற மாதிரி இருக்கும், பெறகு அதுக்கு அவ ஒரு கதை கட்டுவா. பெஞ்சுல உக்காரு. நாற்காலி எங்க வீட்டுக்காரரு உக்காந்தது. அந்த போனை உள்ள வையி. ரூம் பாக்க வந்தவ ரூமைத்தான் பாக்கணும்.

பேரு என்ன சொன்னே? நிவேதாவா. சரி. எங்க வேலை? ஆஸ்பத்திரியிலயா? இருக்கட்டும், எந்த ஆஸ்பத்திரின்னு அப்புறம் கேட்டுக்கிறேன். முதல்ல நான் சொல்றதக் கேளு. இந்த அருப்புக்கோட்டையில நாகரத்தினம்னு சொன்னா யாருக்கும் தெரியாது, சத்துணவு டீச்சருன்னு சொன்னாத்தான் தெரியும். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக அம்புட்டையும் வரிசையா உக்கார வச்சு சோறு போட்டவ நான். டீச்சர் இல்ல, அமைப்பாளர்தான். ஆனா நான் போட்ட சத்தத்துல டீச்சருன்னே ஆகிப்போச்சு. ஒரு பிள்ளை தட்டை நீட்டுறதப் பாத்தே வீட்டுல எப்பிடி வளந்ததுன்னு சொல்லிருவேன். அதனால என்கிட்ட நடிப்பெல்லாம் வேணாம்.

நீ என்ன நெனச்சு வந்தியோ, வாடகைக்காக நான் ஆள் தேடல. என் கதையே வேற. போன மாசம் கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டேன். பெரிசா ஒண்ணுமில்ல, கணுக்கால் பெசகிக்கிச்சு. அதை யாரோ எம் மகனுக்குப் போன் போட்டு வத்தி வச்சிட்டாக. அவன் தனசேகரன், ஓசூர்ல கம்பெனியில இருக்கான். அன்னைக்கே காரை எடுத்துக்கிட்டு ஓடியாந்துட்டான். "கூட ஒரு ஆள் இருக்கணும்மா. இல்லன்னா வீட்டை வித்துட்டு எங்கூட வந்துரணும்"னு சொல்லிட்டுப் போயிருக்கான். வர்ற ஞாயித்துக்கெழம திரும்ப வர்றான். அன்னைக்கு இந்த வீட்டுல இன்னொரு ஆள் இருந்தா நான் இங்க இருப்பேன். இல்லன்னா பெட்டியக் கட்டணும். புரியுதா?

ஓசூர்ல மூணாவது மாடி. மருமக கதவச் சாத்திட்டு வேலைக்குப் போயிருவா. நல்லவதான், குத்தம் சொல்ல மாட்டேன், காப்பியில சீனி போடத் தெரியாது, அம்புட்டுத்தான். பால்கனியில போயி நின்னா எதிர்ல இன்னொரு பால்கனி. அதுல ஒரு சைக்கிள் நிக்கும். ஆள் ஒருத்தரும் வர மாட்டாக. அந்த சைக்கிளப் பாத்துக்கிட்டு எத்தன நாளு நிக்கிறது? போன தடவ போயிருந்தப்ப யாரையும் ஒரு வார்த்த திட்டாம இருந்தேன். எனக்கு வாயில புண்ணு வந்துருச்சு தாயி. சத்தியமா.

அதை விடு. ஓசூரக்கூட நான் பொறுத்துக்குவேன். நான் போயிட்டா இந்த வீட்ட யாரு வாங்குவா? அவதான். இந்தச் செவுத்துக்கு அங்கிட்டு இருக்காளே இந்திராணி, அவ. எனக்கு ஓரகத்தி. எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. அவளும் தாலி அறுத்தவதான், ஒத்த மக, அதுவும் மஸ்கட்டுல. தனியாத்தான் கெடக்கா. ஆனா ஆசை அடங்கல. செவுத்த இடிச்சு, வீட்டை ஒண்ணாக்கி, நடுவுல ஊஞ்சல் போட்டு ஆடணும் அவளுக்கு. யாரும் என்கிட்ட சொல்லல. எனக்குத் தெரியும்.

இது ஒரே வீடா இருந்தது, பாத்தாலே தெரியும். தளத்தப் பாரு, பூ பாதியோட நிக்கிது பாரு செவுத்துக்கிட்ட. மாமனாரு செத்ததும் பாகம் பிரிச்சாக. எங்க பக்கம் ஒரு முறை இருக்கு. மூத்தவன் பிரிக்கணும், இளையவன் முதல்ல எடுக்கணும். பிரிக்கிறவன் ஓரவஞ்சன பண்ணக் கூடாதுன்னு வச்சிருக்காக. எங்க வீட்டுக்காரரு மூத்தவரு, அவருதான் பிரிச்சாரு. அவரும் நானும் நல்லா யோசிச்சுத்தான் பிரிச்சோம். கெழக்குப் பக்கம் அடுப்படியும் சாமி ரூமும். மேக்குப் பக்கம் காய்ச்ச தென்ன மூணும், தெருவப் பாத்த ரூமும். கொழுந்தனுக்கு எளநின்னா உசுரு. தென்னையப் பாத்ததும் மேக்கால எடுத்துருவான், அடுப்படி நமக்கு வந்துரும்னு கணக்கு. இதுல என்ன தப்பு இருக்கு? அவரவரு குடும்பத்த அவரவரு பாக்க வேணாமா?

அவன் மேக்கதான் கைய நீட்டுனான். நான் கண்ணாலப் பாத்தேன். பின்னாடி நின்ன இந்த இந்திராணி அவன் முழங்கைய லேசாத் தொட்டா. தொட்டதும் கை அப்பிடியே கெழக்க போயிருச்சு. பேச்சு மூச்சில்ல, ஒரு தொடல்தான். அம்புட்டு சாமர்த்தியம். அன்னைலருந்து நான் இந்த சிமெண்டு ஷீட்டுக்குக் கீழ வெந்துக்கிட்டு சமைக்கிறேன். அந்தத் தென்ன மூணும் வண்டு விழுந்து மறு வருஷமே மொட்டையாப் போச்சு. கேக்கவே வயித்தெரிச்சலா இல்ல? சரி, இரு.

அன்னைக்கு விட்டது பேச்சு. பதினெட்டு வருஷம் இருக்கும். கொழுந்தன் போனப்ப போயி நின்னேன், அழுதேன், வந்துட்டேன். எங்க வீட்டுக்காரரு போனப்ப அவ வந்து நின்னா, அழுதா, போயிட்டா. கெட்டதுக்கு நிக்காம இருக்க முடியாதுல்ல. ஆனா அவகிட்ட ஒரு வார்த்த? மூச்!

எந்திரி, வா, கெணத்தக் காட்டுறேன். இங்க ரூமுக்கு வர்றவ முதல்ல பாக்க வேண்டியது அதுதான். பாத்து, அந்தக் கல்லு வழுக்கும், நான் விழுந்தது அதுலதான். பாரு. செவுரு கெணத்துக்கு நடுவுல ஓடுதா? பாதி எங்களுக்கு, பாதி அவளுக்கு. இந்தக் கப்பி என்னது, அங்கிட்டு அவளுக்கு ஒண்ணு. செவுரு மேலதான். கீழ தண்ணிக்கு ஏது செவுரு? ரெண்டு பேரு வாளியும் ஒரே தண்ணியிலதான் விழும். மோட்டார் போடணும்னா ரெண்டு பேரும் பேசி ஒத்துக்கணும். யாரு போயிப் பேசுறது? அதனால கயித்த இழுத்துக்கிட்டுக் கெடக்கோம்.

காலையில நான் வாளியப் போட்டா அவளும் போடுவா. வேணும்னேதான். நான் ஆறு மணிக்கு எறைச்சேன், அவ ஆறு மணிக்கு வந்தா. நான் ஏழுக்கு மாத்துனேன், ரெண்டு நாள் பொறுத்து அவளும் ஏழு. கீழ வாளியும் வாளியும் டங்குனு முட்டும். நான் ஒரு முட்டு முட்டுனா அவ ரெண்டு முட்டு முட்டுவா. ஒரு நாளு அவ வரலைன்னு வையி, எனக்கு வேலையே ஓடாது. உள்ள உக்காந்து என்ன சதி பண்றாளோன்னு செவுத்துல காதை வச்சுக்கிட்டு நிப்பேன். எதிராளிய ஒரு கண்ணு பாத்துக்கிட்டேதான் இருக்கணும்.

அதனால ஆள் எடுக்க நான் ஒரு பரீட்ச வச்சிருக்கேன். வாளியக் குடுத்து தண்ணி எறைக்கச் சொல்வேன். அதுலயே தெரிஞ்சிரும். போன வாரம் ஒருத்தி வந்தா, டீச்சரு. வாளிய விட்டுட்டு செவுத்த எக்கிப் பாத்து "அந்தப் பக்கம் யாரு ஆன்ட்டி இருக்காங்க"ன்னா. எடுத்ததும் அங்க என்ன பார்வ? போயிட்டு வாம்மான்னுட்டேன். இன்னொருத்தி கெணத்தப் பாத்ததும் "வாவ்"னு போட்டோ எடுத்தா. இன்னொருத்தி நல்ல பொண்ணு, அமைதி, ஆனா பாட்டுப் பாடிக்கிட்டே எறைச்சா. பாட்டு அங்கிட்டுக் கேக்கும்ல? அவளுக்கு ஓசியில எதுக்குப் பாட்டு? புரோக்கரு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு, "இனிமே உங்க வீட்டுக்கு ஆள் அனுப்ப மாட்டேன், வேற ஆளப் பாருங்க"ன்னுட்டான். அவன் கெடக்கான்.

இந்தா வாளி. எறை. கயித்த அப்பிடிப் பிடிக்காத, கை பொத்துப் போகும். ம். ம். பரவாயில்ல. முட்டாம எடுத்துட்ட. சத்தமும் இல்ல. போதும், வையி. வா, உள்ள போயி பெஞ்சுல உக்காரு.

பொற்கொடியும் இப்பிடித்தான் எறைச்சா. அவதான் எனக்கு முதல்ல வாச்சவ. ஆஸ்பத்திரி லேப்புல ரத்தம் எடுக்குற வேல. ஒண்ணரை வருஷம் இருந்தா. ஒரு குத்தம் சொல்ல முடியாது. விட்ட செருப்பு விட்ட எடத்துல இருக்கும். நான் திட்டுனா தலையக் குனிஞ்சுக்கிட்டுக் கேப்பா. எனக்கு உப்பு ஆகாதுன்னு அவளும் உப்புக் கொறைச்சுத் தின்னா. மகளாட்டம் இருந்தான்னு வையேன். நான் அவகிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணு. கெணத்துக்கு அங்கிட்டுப் பேச்சு வச்சுக்காத. வேற எது வேணாலும் பண்ணு.

ஒரு நாளு சாப்புட உக்காந்தோம். அவ தட்டுல நார்த்தங்கா ஊறுகா. எங்க வீட்டுல ஏது நார்த்தங்கா? வாயில வச்சுப் பாத்தேன். எங்க மாமியா கைப்பக்குவம். அது இந்திராணி ஒருத்திக்குத்தான் வரும், எனக்குக் கடைசி வரைக்கும் வரல. ஏதுடின்னு கேட்டேன். முழிச்சா. பெறகு சொன்னா பாரு, எனக்குச் சோறு எறங்கல. தண்ணி எறைக்கையில இவ வாளிய செவுத்துக்குக் கீழ அங்கிட்டு விடச் சொல்லி, அதுக்குள்ள ஒரு டப்பாவ வச்சு அனுப்பியிருக்கா இந்திராணி. இன்னைக்கு நேத்து இல்ல, ரொம்ப நாளா! ஒரு நாளு ஊறுகா, ஒரு நாளு சுண்டல். கெணத்துக்குள்ள எனக்குத் தெரியாம ஒரு கடையே நடந்திருக்கு.

"அம்மா, அவங்க உங்களுக்கும் சேத்துத்தான் குடுப்பாங்க. நீங்க வாங்க மாட்டீங்கன்னு நான் எங்க வீட்டுல இருந்து வந்ததா சொல்லி உங்களுக்கு வைப்பேன்"ன்னா. பாத்தியா துரோகத்த! அப்ப நான் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சப்புக் கொட்டித் தின்ன அந்த வடகம் யாரு போட்டது? எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சிச்சு. கெளம்புடின்னேன். அழுதா. அழாதடி, கெளம்புன்னேன். நின்ன நிலையில அனுப்புனேன்.

ஆட்டோ வந்துச்சு. பெட்டிய ஏத்துனா. நானும் வாசல்ல நின்னு பாத்தேன், போயித் தொலையட்டும்னு. ஆட்டோ எங்க போச்சுங்குற? இப்பிடித் திரும்பி, இங்க, அடுத்த வாசல்ல நின்னுச்சு! என் மூஞ்சிக்கு நேரா பெட்டிய எறக்குனா. தெருவே பாத்துச்சு. அன்னைக்கு நான் பட்ட அவமானம் இருக்கே. அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

அதுலருந்து தினம் கேக்குறேன். காலையில கெணத்தடியில ரெண்டும் பேசும், சிரிக்கும். என்னத்துக்குச் சிரிக்கிறாகன்னு கேக்காது, சிரிப்பு மட்டும் கேக்கும். என்னையச் சொல்லித்தான் இருக்கும். வேற என்ன இருக்கு சிரிக்க? நான் வாளிய முட்டுனா இப்ப அவ திருப்பி முட்டுறது இல்ல. பேச்சுச் சொகத்துல என்னைய மறந்தே போயிட்டா. எனக்கு அதான் பத்திக்கிட்டு வருது.

அந்தக் கோவத்துல வாளிய ஓங்கி விட்டேன், ஒரு நாளு. கால் வழுக்கிருச்சு. விழுந்தப்ப நான் கத்தல. கத்துவேனா? பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஆனா வாளி கயித்தோட உள்ள போயி விழுந்த சத்தம் அங்கிட்டுக் கேட்டுருக்கும்ல. பெறகு செவுத்துக்கு அங்கிட்டு இருந்து, "யக்கா"ங்குறா. எம்புட்டுத் தைரியம் இருந்தா என்னைய அக்காங்குவா! நான் பதில் சொல்லல. "யக்கா... யக்கா... ஏக்கா..." இப்பிடியே கூப்புட்டுக்கிட்டே இருந்தா. வர வரக் கொரலு ஒரு மாதிரி ஆயிருச்சு. நடிப்பு. எனக்குத் தெரியாதா? நானும் விடல. வலியில உசுரு போவுது, வாயத் தெறக்கல.

கடைசியில பொற்கொடி முன்வாசல் வழியா ஓடியாந்தா. கதவு சும்மாதான் சாத்தியிருந்துச்சு. "என் காலைத் தொடாதடி"ன்னேன். தொட்டுட்டா. கட்டுப் போட்டா. ஒழுங்காத்தான் போட்டா, அதுல பொய் சொல்லக் கூடாது. ஒரு நன்றி சொல்லல நான். தினம் வந்து கட்டைப் பிரிச்சுப் பாத்துட்டுப் போனா, அப்பவும் சொல்லல. ஒரு தடவ தெரியாத மாதிரி கேட்டேன், "அங்கிட்டு ஒருத்தி கூவுனாளே, தொண்ட சரியாயிருச்சா"ன்னு. குத்திக் காட்டத்தான் கேட்டேன்.

ஆக இதான் சங்கதி. எனக்கு வேணுங்குற ஆளு எப்பிடின்னா, என் பக்கம் நிக்கணும். நான் யாரோட பேசலையோ அவுகளோட பேசக் கூடாது. அங்கிட்டு இருந்து அமிர்தமே வந்தாலும் வாங்கக் கூடாது. இம்புட்டுத்தான். பெரிய விஷயமா இது? நீ பாக்க அடக்கமாத்தான் இருக்க. வந்ததுலருந்து ஒரு வார்த்த எதிர்த்துப் பேசல. பேசவே இல்ல. ஏன் பேசல நீ? இரு. புரோக்கரு ஆள் அனுப்ப மாட்டேன்னுட்டான். வாசல்ல நான் போர்டும் வைக்கல. இங்க ரூம் இருக்குன்னு உனக்கு யாரு சொன்னது?

என்ன முழிக்கிற? எந்த ஆஸ்பத்திரி நீ? சொல்லு இப்ப. பொற்கொடி வேல பாக்குற ஆஸ்பத்திரியா! அடிப்பாவி! அவ அனுப்புனாளா? அவ இல்லையா? பெறகு?

இந்திராணியா.

உக்காரு. எந்திரிக்காத. நான் உன்னைய ஒண்ணும் பண்ணல. விவரமாச் சொல்லு. பொற்கொடிகிட்ட சொல்லி ஆள் பாக்கச் சொன்னாளா? நாலஞ்சு பேர வரச் சொல்லிப் பாத்தாளா? அவ வீட்டுல உக்கார வச்சா? எனக்கு ஆள் எடுக்க அவ பரீட்ச வச்சாளா! என்ன கேட்டா? திட்டுனா தாங்குவியான்னு கேட்டாளா. ம். வேற? ராத்திரி கூப்புட்ட கொரலுக்கு எந்திரிப்பியான்னு. வேற? அவகிட்டப் பேசாதன்னு நான் சொன்னா பேசாம இருந்துருன்னாளா. ஊறுகா வாங்காதன்னாளா. அக்கா மனசு நோகக் கூடாதுன்னாளா.

நல்லாருக்கே! அவ பொறுக்கி எடுத்த ஆள நான் வீட்டுல வச்சுக்கணுமா? இதுல ஏதோ உள்குத்து இருக்கு. நான் ஓசூருக்குப் போனா அவளுக்குத்தான நல்லது? வீடு அவளுக்கு வரும்ல? எதுக்கு என்னைய இங்க நிறுத்தி வைக்கப் பாக்குறா? உனக்குத் தெரியாதா? தெரியுமா? தெரிஞ்சா சொல்லேன்.

தனசேகரன் அவகிட்டப் பேசுனானா. எம் மகனா? சித்தின்னு கூப்புட்டுப் பேசுவானா? சரி, பேசட்டும். என்னன்னு பேசுனான்? இந்தப் பாதிய அவளையே வாங்கிக்கச் சொன்னானா. அதான பாத்தேன்! நான் சொன்னேன்ல? அதுக்கு அவ என்ன சொன்னாளாம், ஒடனே தலைய ஆட்டியிருப்பாளே.

என்ன?

திருப்பிச் சொல்லு.

வேணாம்னுட்டாளா.

எனக்கு எதுக்குடா அந்தப் பாதி, உங்கம்மா இல்லாம அங்க எனக்கு என்ன இருக்குன்னாளா. உன் காதுபட இப்பிடியே சொன்னாளா, இல்ல நீயா ஒரு வார்த்தைய வச்சுச் சொல்றியா? சாமி மேல சத்தியமா?

வேணாமாம்! என் வீட்ட வேணாம்னு சொல்ல அவ யாரு? இது என்ன வேண்டாத வீடா? தெருவப் பாத்த ரூம் யாருகிட்ட இருக்கு? காத்து எங்கிட்டு வருது, இங்கதான வருது? அவ கண்ணு இதுமேல இருக்குன்னு, பூட்டிட்டுப் போனா வந்து உக்காந்துக்குவான்னு, நான் ஒரு கல்யாணத்துக்கு நிம்மதியாப் போயி உக்காந்தது இல்ல. பேரன் பொறந்தப்ப, பச்ச ஒடம்பு மருமக, கையில பிள்ளையோட "இருங்க அத்தை"ன்னு அழுகுறா. அதையும் விட்டுட்டு மூணாம் நாளு பஸ் ஏறி ஓடியாந்தேன். அந்தப் பேரனுக்கு நான் எண்ணெய் தேச்சு ஒரு நாளு குளுப்பாட்டுனது இல்ல. எதுக்கு? இவ எடுத்துக்குவான்னு. இப்ப வேணாங்குறா. அப்ப இத்தன வருஷமா நான் யாருகிட்ட இருந்து இதக் காவல் காத்தேன்? சொல்லு. இதுக்கு யாரு பதில் சொல்றது?

கண்ணுல ஒண்ணுமில்ல. வேர்வ.

இரு. நகரு. நான் போயிக் கேக்குறேன். நேரா அவ வாசல்ல போயி நிக்கிறேன். வேணாம்னு சொன்னியாமே, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுடின்னு கேக்குறேன். இந்தச் சேலை போதுமா? பின்னாடி நனைஞ்சிருக்கா? இருக்கட்டும், சண்டைக்குப் போறவளுக்கு எதுக்குச் சேலை மாத்துறது.

நீ எங்க எந்திரிக்கிற? நீ வர வேணாம். அடுப்புல உலை வச்சிருக்கேன், கொதிக்கப் போவுது. அரிசி பக்கத்துலயே களைஞ்சு வச்சிருக்கு. போட்டு, நல்லா வெந்ததும் வடிச்சிரு. கொழைய விட்டுராத, எனக்குப் பிடிக்காது. கதவச் சாத்திக்க. நான் வர நேரமாகும்.